ரொவேனா ஒரு படம் போட்டிருக்கிறார்

எலும்புச் சாறு கொதிக்க ஆரம்பித்துவிட்டால் அடுப்படியை விட்டு நகரக் கூடாது. மேலே கட்டுகிற நுரையை உடனுக்குடன் வழித்துப் போடாவிட்டால் சாறு கலங்கிப்போகும். கலங்கின சாற்றில் நூடுல்ஸ் போட்டுக் கொடுத்தால் எங்கள் இலோய்லோவின் லா பாஸ் சந்தையில் நாய்கூடத் திரும்பிப் பார்க்காது. கல்யாணமான வருஷத்திலிருந்து இந்தக் கடையை நடத்துகிற எனக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படியும் அன்று காலை நுரை பொங்கி அடுப்பில் வழிந்து சுர்ரென்று சத்தம் வருகிறவரைக்கும் ஒரு கையில் கரண்டியும் இன்னொரு கையில் என் புருஷனின் போனுமாக நின்றுகொண்டிருந்தேன். போனில் ஒரு மெயில். "நீண்ட நாட்களுக்குப் பிறகு ரொவேனா ஒரு படம் போட்டிருக்கிறார். பாருங்கள், நெஸ்டர்!"

பாருங்களாம். நெஸ்டர் பின்பக்கம் அரிசி மூட்டைகளுக்கு நடுவே கயிற்றுத் தொட்டிலில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். கப்பலில் எலக்ட்ரீஷியன் வேலை. கரைக்கு வந்தால் அப்படித்தான் தூங்குவான். அவன் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

புருஷன் போனை எடுத்துப் பார்க்கிறாளே என்று யாரும் மூக்கில் விரலை வைக்க வேண்டாம். எங்கள் இலோய்லோவில் மோதிரம் மாற்றிக்கொண்ட கையோடு பாஸ்வேர்டையும் மாற்றிக்கொள்வதுதான் வழக்கம். கொடுக்க மாட்டேன் என்று ஒருத்தன் சொன்னால் பெண்ணின் அண்ணன் தம்பிகள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். நெஸ்டர் கேட்கும் முன்பே கொடுத்தவன். அவனுடைய மெயில், படம் போடுகிற ஆப், பேங்க், எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்ட், என் பிறந்தநாள். எனக்கென்று தனியாக ஆப் எதுவும் கிடையாது. எதற்கு? என் மூஞ்சியைப் பார்க்க வேண்டியவர்கள் எல்லாரும் கடைக்கு வந்து பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள்.

ரொவேனா யாரென்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு ஆறாது. நெஸ்டர் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது காதலித்தவள். மே மாதச் சிலுவை ஊர்வலத்தில் அவள்தான் அந்த வருஷத்து ராணி. வெள்ளை கவுன், தலையில் கிரீடம், பக்கத்தில் வெள்ளைச் சட்டையைக் கழுத்துவரை பட்டன் போட்டுக்கொண்டு இவன். அந்தப் படத்தை என் மாமியார் சாகிறவரை வரவேற்பறையில் மாட்டி வைத்திருந்தாள். நான் மருமகளாக வந்து இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் அது அங்கேயே தொங்கியது. வருகிறவர்கள் எல்லாரும் அதைப் பார்த்து ஒரு "ச்சு" கொட்டிவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். மாமியார் போனதும், துக்கம் முடியட்டும் என்று பொறுத்திருந்து, கழற்றி அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தேன். ரொவேனா அதற்கு எவ்வளவோ முன்பே ஒரு பல் டாக்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்கு அந்தப் பக்கம் பக்கோலோடுக்குப் போய்விட்டாள். போனவள் போனவளாகவே இருந்தாள். டாக்டர் செத்துப்போன செய்தி வந்தபோது நான்தான் நெஸ்டரை உட்காரவைத்து இரங்கல் எழுத வைத்தேன். செத்தவரிடம் எனக்கென்ன கோபம்?

அப்புறம்தான் அந்த மெயில்.

படத்தில் ஒரு ஆர்க்கிட் செடி இருந்தது. வேறொன்றும் இல்லை. ஊதாப் பூ, தொட்டியின் ஓரத்தில் ஒரு கை. ஐந்து விரல்தான் தெரிந்தது. அந்த ஐந்து விரலுக்கே என் வயிறு எரிந்தது என்றால் நம்புவீர்களா? நகம் ஒரே சீராக வெட்டியிருந்தது. பூண்டு உரித்து உரித்து என் நகக்கண் எல்லாம் மஞ்சள். இன்னும் கிட்டத்தில் பார்க்கலாம் என்று படத்தை இரண்டு தட்டுத் தட்டினேன். பெரிதாகவில்லை. படத்தின் நடுவில் ஒரு சிவப்பு இதயம் குதித்துவிட்டு மறைந்தது. பார்த்தாயா, இவள் படம் என்றால் ஆப்காரன்கூட இதயம் காட்டுகிறான் என்று அதற்கும் சேர்த்து எரிந்தேன். அப்புறம் இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கினேன். மோதிர விரலில் மோதிரம் இல்லை.

மறுநாளும் மெயில். "ரொவேனா ஒரு படம் போட்டிருக்கிறார்." இந்தத் தடவை முகம். நரையைச் சாயம் போடாமல் விட்டிருந்தாள். அதுவும் அழகாகத்தான் இருந்தது, அதுதான் கொடுமை. என் நரையை விட்டால் கடைக் கூரையில் படிந்த சாம்பல் மாதிரி இருக்கும். தட்டினேன், இதயம் குதித்தது, விரித்தேன். கழுத்தில் சுருக்கம் இருந்தது. ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தேன். அப்புறம் கண்ணாடிக்கு முன்னால் போய் என் கழுத்தைப் பார்த்தேன். சந்தோஷம் போய்விட்டது.

அதற்கப்புறம் காலை எழுந்து அடுப்பு மூட்டுகிறதும் நெஸ்டரின் போனை எடுக்கிறதும் ஒரே வேலையாகிவிட்டது. மெயில் குவிந்தது. யாருக்கோ பிறந்தநாள், எந்தக் குழுவிலோ பழைய மோட்டார் விற்பனைக்கு, சேவல் சண்டைக்காரன் ஒருவன் நேரலையில், மச்சான் மகள் எங்கேயோ கேக் வெட்டுகிறாள். இதற்கெல்லாம் நடுவே ரொவேனா. முதலில் வாரத்துக்கு ஒன்று இரண்டு, பிறகு தினமும், பிறகு காலையில் ஒன்று மாலையில் ஒன்று. "ரொவேனா கொய்யா மரத்தடியில் இருக்கிறார்." "ரொவேனாவின் படத்தை நீங்கள் தவறவிட்டிருக்கலாம்." நானா தவறவிடுவேன்? ஊர் உலகத்தில் இவளை விட்டால் படம் போட ஆளே இல்லையா? இவன் எதையோ செய்துவைத்திருக்கிறான், இல்லாவிட்டால் இவனை மட்டும் துரத்தித் துரத்தி எதற்கு இவள் வருகிறாள் என்று எனக்குள் ஒன்று குடைய ஆரம்பித்தது. மாமிசம் வெட்டும்போது குடைந்தது. வெங்காயத்தாள் நறுக்கும்போது குடைந்தது. சர்ச்சில் முட்டி போட்டிருக்கும்போதுகூட மாதாவிடம் நான் கேட்டது அதைத்தான்.

அந்தச் சமயத்தில்தான் நெஸ்டரின் கப்பல் வேலை கைநழுவிப் போனது. மணிலாவில் ஆள் எடுக்கும் அலுவலகத்திலிருந்து மெயில் வந்திருக்கிறது. நாளை மதியத்துக்குள் சம்மதம் சொல்லவும் என்று இரண்டு வரி. இந்தப் பிறந்தநாளுக்கும் சேவலுக்கும் அடியில் அது புதைந்து கிடந்திருக்கிறது. அவன் கண்ணில் படவில்லை. என் கண்ணில் பட்டிருக்க வேண்டும். பட்டிருக்காது, நான் ஒரே ஒரு பெயரைத்தானே தேடிக்கொண்டிருந்தேன். அவன் பார்த்து போன் பண்ணுகிறதுக்குள் அந்த இடத்துக்கு வேறு ஆள் கப்பலேறிவிட்டான்.

நெஸ்டர் கத்துகிறவன் இல்லை. எங்கள் ஊர்க்காரர்களே அப்படித்தான், கோபத்தைக்கூட ராகம் போட்டுத்தான் சொல்வார்கள். கடலோரக் கிராமத்திலிருந்து வந்த நான் ஒருத்திதான் இந்தச் சந்தையில் கத்துகிறவள். அவன் பெஞ்சில் உட்கார்ந்து போனை மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தான்.

"மெர்லி, இந்தக் குப்பை மெயிலையெல்லாம் நிறுத்திவிடேன். எனக்கு எங்க அமுக்கணும்னே தெரியல. இது பாட்டுக்கு வந்துகிட்டே இருக்கு. எது வேணும், எது வேணாம்னே புரியமாட்டேங்குது."

"உனக்கா புரியல? உன் ரொவேனாவக் கேளு, சொல்லுவா."

"எந்த ரொவேனா?"

எந்த ரொவேனா! எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அவளை நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லியிருந்தால்கூட ஒரு பாட்டம் அழுதுவிட்டு விட்டிருப்பேன். இப்படி எதுவும் தெரியாத பாப்பா மாதிரி முழித்தால்?

"ஊர்வலத்துல கையப் பிடிச்சுக்கிட்டு நடந்தியே, அந்த ரொவேனா. தினம் ரெண்டு வேளை உனக்கு மெயில் வருதே, அந்த ரொவேனா."

"அவளா? அவ எதுக்கு எனக்கு மெயில் போடறா?"

"அதத்தான் நானும் கேக்கறேன்."

அவன் போனை என் பக்கம் தள்ளிவிட்டு, மின்விசிறி ஒன்று ரிப்பேருக்கு வந்திருக்கிறது என்று எழுந்து போய்விட்டான். முதுகைப் பார்த்தேன். குற்றமுள்ளவன் முதுகா, குற்றமில்லாதவன் முதுகா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எல்லா முதுகும் ஒரே மாதிரிதான் இருக்கிறது.

சரி, நிறுத்தச் சொன்னான், நிறுத்தினேன். அன்று மதியம் கூட்டம் குறைந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆப்பின் உள்ளே உள்ளே போனால் ஒரு பக்கம் வருகிறது. எதற்கெல்லாம் மெயில் அனுப்பட்டும் என்று வரிசையாகக் கேட்டிருக்கிறான், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பச்சையாக ஒரு சின்ன சுவிட்ச். பிறந்தநாள், அணைத்தேன். குழுக்கள், அணைத்தேன். நேரலை, விற்பனை, பழைய நினைவுகள், உங்களுக்குத் தெரிந்திருக்கக்கூடியவர்கள், எல்லாவற்றையும் சந்தை மூடும்போது விளக்கணைக்கிற மாதிரி ஒவ்வொன்றாக அணைத்தேன். கடைசியில் ஒன்று இருந்தது. "நீங்கள் அதிகம் கவனிக்கும் நண்பர்களின் படங்கள்." அதன் மேல் விரலைக் கொண்டுபோனேன். அணைத்துவிட்டால் எனக்கு எப்படித் தெரியும்? அவள் என்ன உடுத்தியிருக்கிறாள், எங்கே நிற்கிறாள், யாரைப் பார்த்துச் சிரிக்கிறாள், ஒன்றும் தெரியாதே. தெரியாமல் இருப்பதைவிட எரிந்துகொண்டிருப்பது மேல் என்று பட்டது. அந்த ஒரு சுவிட்சைப் பச்சையாகவே விட்டேன்.

அதற்கப்புறம் குப்பை நின்றுவிட்டது. வருகிற மெயிலெல்லாம் ரொவேனா மட்டும்தான்.

என் அண்ணன் மகள் செரி மே கால் சென்டரில் வேலை பார்க்கிறாள். இரவெல்லாம் அமெரிக்காக்காரனுக்குப் பதில் சொல்லிவிட்டு, காலையில் நேராக என் கடைக்கு வந்து ஒரு கிண்ணம் நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டுத்தான் தூங்கப் போவாள். ஒருநாள் நெஸ்டர் அவளிடம் போனைக் கொடுத்து, மெயில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா, கப்பல் ஆபீஸ் மெயில் இனிமேல் தவறாமல் வருமா என்று பார்க்கச் சொல்லிவிட்டு வெளியே போனான். நான் அவள் கிண்ணத்தில் ஈரலையும் பொரித்த பன்றித்தோலையும் அள்ளிப் போட்டு, மேலே முட்டையை உடைத்து ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"அத்தை, யாரோ ஏற்கெனவே எல்லாத்தையும் அணைச்சிருக்காங்க. இத ஒண்ண மட்டும் விட்டு வெச்சிருக்காங்க." சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஐயோ மாமா! ஊமைக்கோட்டான் மாதிரி இருந்துகிட்டு!"

"என்னடி?"

"வர்றது பூரா ஒரே ஆளு. யாரு அத்தை இந்த ரொவேனா?"

"யாரோ. எதுக்கு அவ மட்டும் வர்றா? அவதானே அனுப்பறா?"

"அவங்க எங்க அனுப்பறாங்க? இது மெஷின் அனுப்பறது. நீங்க எதத் திறந்து பார்க்கறீங்களோ அது உங்களுக்குப் பிடிச்சிருக்குன்னு நினைச்சுக்கிட்டு இன்னும் ரெண்டு அனுப்பும். அதையும் திறந்தா நாலு அனுப்பும். மாமா விடாமத் திறந்திருக்காரு, அதான் கொட்டுது."

நான் கரண்டியை வைத்தேன். என் முகத்தில் ஈயாடவில்லை. மாமா எங்கே திறந்தார்? மாமாவுக்கு அது வருகிறதே தெரியாது.

"அது மட்டுமா? இங்க பாருங்க, ஒரு படம் விடாம இதயம் போட்டிருக்காரு."

"இதயமா? அது ஆப்காரன் காட்டறதில்ல?"

"ஆப்காரன் எதுக்குக் காட்டறான்? ரெண்டு தட்டுத் தட்டினா நாம இதயம் போட்டோம்னு அர்த்தம். 'நெஸ்டர் உங்கள் படத்தை விரும்பினார்'னு அந்தம்மாவுக்கு ஒவ்வொண்ணுக்கும் மெயில் போயிருக்கும். பாவம், அவங்க மெயில் பெட்டிய மாமாவே நிறைச்சிருப்பாரு." அவள் ஸ்பூனை நக்கிக்கொண்டே என்னைப் பார்த்தாள். "அணைச்சிடட்டுமா அத்தை? மாமாவ நான் ஒரு வாங்கு வாங்கறேன்."

"நீ சாப்பிடு, ஆறிடும்" என்று போனைப் பிடுங்கிக்கொண்டேன்.

அன்று முழுக்கக் கை வேலை செய்தது, மனசு செய்யவில்லை. நானே, என் கையாலே, என் புருஷன் பெயரில், அந்தப் பெண்ணுக்குக் காலையும் மாலையும் இதயம் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். அவள் கழுத்துச் சுருக்கத்தைப் பார்க்க ஒன்று, முழங்கைக் கறுப்பைப் பார்க்க ஒன்று. தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது, அடித்தும் கொண்டேன். மேசையில் இருந்த ஒரு வாடிக்கையாளர் என்னம்மா ஆச்சு என்று கேட்டார். ஈ என்றேன். நியாயமாக அப்போதே அந்தச் சுவிட்சை அணைத்திருக்க வேண்டும். ஆனால் வருகிற சனிக்கிழமை அவர்கள் பள்ளிக்கூடத்தில் பழைய மாணவர் கூடுகை. ரொவேனா வருகிறாளா இல்லையா, வந்தால் எந்தக் கப்பலில் வருகிறாள் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். தட்டுவதை மட்டும் விட்டேன். பார்ப்பதை விட முடியவில்லை. வெள்ளிக்கிழமை மாலை மெயில் வந்தது. பெட்டியும் கையுமாகத் துறைமுகத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

கூடுகைக்கு நூடுல்ஸ் என் பொறுப்பு. கூடைப்பந்து மைதானத்துக் கூரையின் கீழே ஒரு மூலையில் பெரிய அண்டாவை ஏற்றி, எலும்பைப் போட்டுவிட்டு நின்றேன். ஏப்ரல் வெயில் தகரத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வருஷத்து மாணவர்களுக்கும் ஒரு நிறம், இவர்களுக்கு மஞ்சள். தொப்பையும் வழுக்கையுமாக மஞ்சள் சட்டைகள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு கூச்சல் போட்டன. நெஸ்டர் முடி வெட்டியிருந்தான். போனை வழக்கம்போல நான் என் ஏப்ரன் பையில் வைத்திருந்தேன், கடை ஆர்டர் வரும் என்று சொல்லி.

மைக்கைப் பிடித்தது போயெட். பள்ளியில் இவர்கள் வகுப்புத் தலைவன், இப்போது டயர் கடை முதலாளி, வாய்க்குப் பூட்டே கிடையாது.

"நம்ம பேட்ச்ல ஒரு ஆளு இருக்காரு. ரொவேனா எந்தப் படம் போட்டாலும் முதல் இதயம் அவரோடதுதான். பேரு சொல்ல மாட்டேன். கப்பல்ல ஒயர் பிடுங்கறவரு. பேரு ஏன் சொல்ல மாட்டேன்னா, அவரு வீட்டம்மா அங்க கொதிக்கிற அண்டாவோட நிக்கிறாங்க!"

மைதானமே சிரித்தது. எல்லாத் தலையும் முதலில் நெஸ்டரிடம் போய், பிறகு ரொவேனாவிடம் போய், கடைசியில் என்னிடம் வந்து நின்றது. நான் நெஸ்டரைப் பார்த்தேன். நானா? இல்லையே, என்று சொல்வான். சொல்லத்தான் வேண்டும், அவன் போடவில்லையே. அவன் திகைத்தது எனக்குத் தெரிந்தது, புருவம் இரண்டும் மேலே போயிற்று. பிறகு அவன் ரொவேனாவைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டு காது வரைக்கும் சிவந்து நின்றாள். நெஸ்டரின் புருவம் கீழே இறங்கியது. பிடரியைத் தடவிக்கொண்டு அசடு வழியச் சிரித்தான்.

"பழைய சிநேகிதம்டா, விடு" என்றான்.

செய்யாத காரியத்தை ஒப்புக்கொண்டான்! செய்தவள் நான். கண் எரிய எரியப் பார்த்தவள் நான். பேர் மட்டும் அவனுக்கு. அதுவரை எனக்கு இருந்தது சந்தேகம். அந்த நிமிஷம்தான் நிஜமான பொறாமை எப்படி இருக்கும் என்று தெரிந்தது. அவன் பின்பாக்கெட்டிலிருந்து சீப்பை எடுத்து, புதிதாக வெட்டிய முடியை ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டான். இந்தச் சீப்பு எப்போது வந்தது?

கூட்டம் நடனத்துக்கு வரிசை கட்டியபோது ரொவேனா என் அண்டாவைப் பார்க்க நடந்து வந்தாள். படத்தில் பார்த்ததைவிடச் சின்னவளாக இருந்தாள். மஞ்சள் சட்டை தோளில் நிற்காமல் தொங்கியது. ஒரு கிண்ணம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள், சாப்பிடவில்லை.

"நாங் மெர்லி" என்றாள். எங்கள் ஊரில் அக்காவுக்கு மரியாதையாகச் சொல்கிற சொல் அது. அவளுக்கும் எனக்கும் ஒரே வயதுதான் இருக்கும். குரலில் அப்படியொரு ராகம். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கப்பல்ல வரும்போதே முடிவு பண்ணிட்டேன். வேற யாராவது சொல்றதுக்கு முன்னால நானே சொல்லிடணும்னு. போயெட் முந்திக்கிட்டான்."

"சொல்லுங்க."

"எங்க டாக்டர் போனதுக்கப்புறம் நான் கண்ணாடியே பார்க்கறதில்ல. எதுக்குப் பார்க்கணும்னு இருந்துச்சு. சும்மா ஒருநாள் ஆர்க்கிட் பூவப் படம் எடுத்துப் போட்டேன். நெஸ்டர் இதயம் போட்டிருக்காருன்னு மெயில் வந்துச்சு. மறுநாள் தலை சீவிட்டுப் போட்டேன். அதுக்கும் வந்துச்சு." அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "தப்புதான். இன்னொருத்தர் புருஷன். ஆனா காலையில எழுந்ததும் அந்த மெயில் வந்திருக்கான்னு பார்ப்பேன். இப்ப ஒரு வாரமா வரல. அதுக்கு அழுதேன், நாங். அப்பதான் எனக்கே பயமாயிடுச்சு. அவர நிறுத்தச் சொல்லிடுங்க. இனிமே ஒண்ணுகூட வேணாம். எனக்கு அந்த மெயில எப்படி நிறுத்தறதுன்னு தெரியல."

திட்டுவதற்காக எத்தனை காலமாக வாயில் வைத்திருந்தேனோ அத்தனையும் அங்கேயே நின்றுவிட்டது. சும்மா இருந்திருக்கலாம். சரி, சொல்கிறேன் என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தால் அவளோடு போயிருக்கும். ஆனால் என் புருஷன் போட்ட இதயம் என்று அவள் அதைப் பெட்டியில் வைத்து ஊருக்குக் கொண்டுபோவதா? அது எனக்குப் பொறுக்கவில்லை.

"அது நெஸ்டர் இல்ல" என்றேன். "நான்தான்."

"நீங்களா?"

"பெரிசாக்கிப் பார்க்கத் தட்டினேன். அது இதயமாப் போகும்னு தெரியாது. அவனுக்கு எதுவும் தெரியாது."

"அப்ப… அவரு ஒண்ணுகூடப் பார்க்கலையா?"

"ஒண்ணுகூட."

சொல்லும்போது சத்தியமாகத் தித்தித்தது. இரண்டு பிள்ளை பெற்ற வீட்டில் அந்த ஊர்வலப் படத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்த நாளெல்லாவற்றுக்கும் சேர்த்துத் தித்தித்தது. அவள் கிண்ணத்தை மறுபடி எடுத்து, ஸ்பூனால் முட்டையைக் கலக்கி, ஒரு வாய் சாப்பிட்டாள். முழுங்குவதற்கு ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள். தித்திப்பு என் நாக்கிலிருந்து போய்விட்டது.

"நீங்க எல்லாத்தையும் பார்த்தீங்களா?" என்று கேட்டாள்.

"எல்லாத்தையும்."

"கொய்யா மரத்தடியில எடுத்தது?"

"காதுக்குப் பின்னால பவுடர் திட்டா இருந்துச்சு. சட்டையில ரெண்டாவது பட்டன் வேற நூலு."

அவள் சிரித்துவிட்டாள். "என் பொண்ணுகூடக் கவனிக்கல. அது எங்க டாக்டர் சட்டையிலேருந்து எடுத்த பட்டன்." சிரிப்பிலும் அதே ராகம். இந்த ராகத்தைக் கேட்டு ஒருத்தன் எப்படி மறந்தான், மறக்கவில்லையோ என்று மறுபடி ஒரு முள் குத்தியது. அவள் மேல் பரிதாபம் வந்துவிட்டதால் பொறாமை போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

ஏப்ரன் பையிலிருந்து போனை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து அவளுக்குக் காட்டினேன். எல்லாம் அணைந்திருக்க, கடைசி வரியில் ஒரே ஒரு பச்சை.

"இதுதான் நீங்க. அணைச்சிட்டா இந்த வீட்டுக்கு உங்க மெயில் வராது. நானும் பார்க்கமாட்டேன், அவனும் பார்க்கமாட்டான்."

"அணைச்சிடுங்க" என்றாள்.

கட்டைவிரலால் அமுக்கினேன். பன்றிக்கொழுப்பு விரல், கண்ணாடி கேட்கவில்லை. ஏப்ரனில் துடைத்துவிட்டு மறுபடி அமுக்கினேன், வழுக்கிக்கொண்டு போயிற்று. ரொவேனா போனை என் கையிலிருந்து வாங்கி, சட்டைக் கையிலிருந்து கைக்குட்டையை உருவி, கண்ணாடியைச் சுத்தமாகத் துடைத்தாள். சீராக வெட்டிய நகம் அந்தப் பச்சைக்குப் பக்கத்தில் போய் நின்றது. அமுக்கவில்லை. போனைத் திருப்பி என்னிடம் நீட்டினாள்.

"நாங், இன்னிக்கு ஒரு நாள் விட்டுடுங்களேன்" என்றாள் தலையைத் தூக்காமல். "எல்லாரும் மஞ்சள் சட்டையில நின்னு எடுத்திருக்கோம். சாயங்காலம் போடலாம்னு இருக்கேன். நான் நல்லா சிரிச்சிருக்கேன்."

"யாரு பார்க்கணும்? அவனா, நானா?"

நான் போனைப் பிடித்தேன், அவள் தன் பக்கத்து ஓரத்தை விடவில்லை. மைதானத்தின் அந்தக் கோடியில் பாட்டு ஆரம்பித்துவிட்டது. வரிசையிலிருந்து விலகி நின்று நெஸ்டர் சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தான். பிறகு பேண்ட் பை, பிறகு பின்பாக்கெட், பிறகு மறுபடியும் சட்டைப் பை. கரைக்கு வந்த இத்தனை நாளில் அவன் போனைத் தேடி நான் பார்த்ததில்லை. கடைசியில் அவன் கண் எங்கள் பக்கம் திரும்பியது. அண்டாவுக்குப் பக்கத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு போனைப் பிடித்துக்கொண்டு நின்றோம், அவள் ஒரு ஓரத்தையும் நான் ஒரு ஓரத்தையும். பின்னால் சாறு நுரை கட்டி, பொங்கி, அண்டாவின் விளிம்பைத் தாண்டி அடுப்பில் சுர்ரென்று இறங்கியது. இரண்டு பேரும் திரும்பவில்லை.